கல்லறைக்குள் 17 நிமிடம்

பால் வெட்டுக்குப் போய் வந்த குடும்பங்களுக்கு விடியலைப் பற்றி யாரும் பாடம் சொல்லித் தரத் தேவையில்லை. இருட்டோடு எழுந்து, அடுப்பு மூட்டி, கோப்பி கலக்கி, பெரட்டுக்கு ஓடி, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் முதல் நிரை மரங்களைச் சீவி முடித்த பிறகுதான் கிழக்கு வெளுக்கும். இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் அந்தக் கருக்கல் நேரத்தை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். நம் நாட்டுச் சூரியன் நம்மை ஒரு நாளும் காக்க வைத்ததில்லை. தையானாலும் ஆடியானாலும் காலை ஏழு மணி சுமாருக்கு வந்துவிடுகிறான். மாலை ஏழு மணி சுமாருக்குப் போய்விடுகிறான். மழைக்காகக் கவலைப்பட்டிருக்கிறோம், வெயிலுக்காகச் சலித்துக்கொண்டிருக்கிறோம். நாளைக்குச் சூரியன் வருவானா என்று நாம் கவலைப்பட்டதுண்டா?

அப்படிக் கவலைப்பட்ட மக்கள் இருந்தார்கள். அயர்லாந்து நாட்டில் டிசம்பர் மாதத்தில் காலை எட்டரை மணிக்கு மேல்தான் பொழுது புலரும். மாலை நான்கு மணி அடித்துச் சற்று நேரத்தில் இருட்டிவிடும். ஏழரை மணி நேரப் பகல். அதிலும் பாதி நாள் மேகமும் சாரலும். புல் வளராது, வயலில் வேலை இராது, சேர்த்து வைத்த தானியம் குறைந்துகொண்டே வரும். டிசம்பர் 21ஆம் நாள் வாக்கில், நம் கணக்கில் மார்கழி பிறந்து ஐந்தாறு நாளில், பகல் இதற்கு மேல் குறுக முடியாது என்ற நிலைக்கு வந்து, அதன் பிறகு மெல்ல மெல்ல நீளத் தொடங்கும். சூரியன் வடக்கே திரும்புகிற நாள் உண்மையில் அதுதான்.

அந்த நாளின் விடியலை எதிர்பார்த்து அந்த மக்கள் ஒரு கல்லறை கட்டினார்கள். எப்போது தெரியுமா? இன்றைக்குச் சுமார் 5,200 ஆண்டுகளுக்கு முன்! எகிப்தின் பெரிய பிரமிடு எழுவதற்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே.

அதன் பெயர் நியூகிரேஞ்ச். தலைநகர் டப்ளினுக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், போய்ன் என்னும் ஆறு வளைந்து ஓடும் இடத்தில், ஒரு மேட்டு நிலத்தின்மேல் இருக்கிறது. (நம் ஊர்க் கான்வென்ட் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்த கன்னியர் பலர் அந்த நாட்டிலிருந்து வந்தவர்களே. அவர்களுடைய ஊரில் இப்படியொன்று இருப்பதை அன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்குத் தோன்றவில்லை!)

சாலைக்குக் கல் எடுத்தவர்கள்

தொலைவிலிருந்து பார்த்தால் புல் முளைத்த ஒரு குன்று. அவ்வளவுதான். ஓர் ஏக்கருக்கும் கூடுதலான நிலத்தை அடைத்துக்கொண்டு, ஏறத்தாழ 40 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. குன்றின் அடியைச் சுற்றி 97 பெருங்கற்கள், விளக்குத் திண்ணைக்குக் கரை கட்டியது போல, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன.

இது மனிதர் கட்டியது என்பதே நெடுங்காலம் வெளியுலகுக்கு எட்டவில்லை. 1699ஆம் ஆண்டு அந்த நிலத்துக்கு உரிமையாளராக இருந்த சார்லஸ் கேம்ப்பெல் என்பவர் சாலை போடக் கல் வேண்டுமென்று ஆட்களை அனுப்பினார். அவர்கள் குன்றின் ஓரத்தைத் தோண்டிக் கல் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, சுருள் சுருளாகக் கோலம் செதுக்கிய ஒரு பெரிய கல் தென்பட்டது. அதன் பின்னே ஒரு குகைவாய். செய்தி கேட்டு எட்வர்ட் லூயிட் என்னும் அறிஞர் வந்து பார்த்து எழுதி வைத்தார். ஏடுகளில் கேம்ப்பெல்லின் பெயர் இருக்கிறது, லூயிட்டின் பெயர் இருக்கிறது. கடப்பாரை பிடித்தவர்களின் பெயர்? வழக்கம் போலத்தான்.

வாருங்கள், உள்ளே போய்ப் பார்ப்போம்.

வாசலில் ஆள் குனிய வேண்டும். இரு பக்கமும் நெட்டுக்குத்தாக நட்ட கற்கள். தலைக்கு மேல் பலகைக் கற்கள். சில இடங்களில் உடம்பை ஒருக்களித்துத்தான் நகர முடியும். இப்படி 62 அடி தூரம். தரை நமக்குத் தெரியாமலே மெல்ல மேலேறிக்கொண்டு போகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். நடை முடிந்ததும் சட்டென்று ஓர் அறை. அண்ணாந்து பார்த்தால் 20 அடி உயரத்தில் கூரை. கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒவ்வொரு வரிசையையும் சற்றே உள்நோக்கி நீட்டி அடுக்கி, கடைசியில் ஒரே கல்லால் மூடியிருக்கிறார்கள். சிமெண்டு இல்லை, சுண்ணாம்பு இல்லை. கற்களின் இடுக்குகளைச் சுட்ட மண்ணாலும் கடல் மணலாலும் அடைத்து, நடையின் கூரைக் கற்களில் மழைநீர் வடிந்தோடச் சிறு வாய்க்கால்களைக் கொத்தியிருக்கிறார்கள். ஐயாயிரம் ஆண்டு மழையில் அந்த அறை ஒழுகவே இல்லை. லயத்துத் தகரக் கூரைக்கு அடியில் பாத்திரம் வைத்து மழைநீர் பிடித்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

அறையின் மூன்று பக்கமும் மூன்று மாடங்கள். மாடங்களில் அகன்ற கல் தாம்பாளங்கள். வலப்பக்க மாடத்தில்தான் செதுக்கு வேலை மிகுதி. அங்கே மட்டும் தாம்பாளத்தின்மேல் தாம்பாளமாக இரண்டு. எதிரே உள்ள மாடத்தில், ஒரு கல்லில், மூன்று சுருள்கள் ஒன்றோடொன்று பின்னிய கோலம். நம் வாசலில் இழைக்கோலம் போடும் கைகள் உடனே அடையாளம் கண்டுகொள்ளும் வேலை அது. குன்றைச் சுற்றிய கற்கள் சிலவற்றில் யாருமே பார்க்க முடியாதபடி மண்ணுக்குள் மறைந்திருக்கும் முதுகுப் பக்கத்திலும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பார்ப்பவர்களுக்காகச் செய்த அழகு என்று அதைச் சொல்ல முடியுமா?

ஊரார் பேச்சு

1962ஆம் ஆண்டு மைக்கேல் ஓகெல்லி என்னும் பேராசிரியர் அங்கே அகழாய்வைத் தொடங்கினார். கார்க் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்தவர். 1975 வரை பருவந்தோறும் வந்து தோண்டினார். அறையில் அவருக்குக் கிடைத்தவை எரிந்தும் எரியாமலும் கலந்து கிடந்த எலும்புத் துண்டுகள். ஐந்து பேருடையவை என்று கணக்கிட்டார்கள். கூடவே சில மணிகள், பதக்கங்கள், எலும்பு ஊசிகள், வழவழப்பான கல் உருண்டைகள். 1699 முதல் திறந்து கிடந்த இடமாதலால் அதற்குள் எத்தனையோ போயிருக்கும்.

தோண்டுகிற இடத்தில் ஊரார் வந்து நின்று பேசுவது எங்கும் உள்ளதுதானே? அங்கேயும் வந்தார்கள். "சூரியன் எழும்போது வெளிச்சம் உள்ளே வரைக்கும் போய் மூன்று சுருள் கல்லைத் தொடும்" என்பது அவர்கள் சொன்ன பேச்சு. "நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டால், பார்த்தவர் ஒருவரும் இல்லை. கேள்விப்பட்டதுதான். ஓகெல்லி முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்ச் என்னும் கல்வட்டம் இருக்கிறது. கோடைக்காலச் சூரிய உதயத்தோடு அதைச் சேர்த்துப் பேசுவார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே குழப்பிக்கொள்கிறார்கள் என்று எண்ணினார். படித்தவர்கள் அப்படி எண்ணுவது புதிதல்லவே!

1963இல் வாசலுக்கு மேலே, மண்ணில் புதைந்து கிடந்த ஒரு கல்லைச் சுற்றித் துப்புரவு செய்தார்கள். வாசலின் தலைக்கு மேல் இன்னொரு சிறு வாசல்! மனிதர் நுழைய முடியாது. சன்னல் போன்ற ஒரு கல் சட்டம். அதன் தரையில் ஒரு பிளவு. இது எதற்கு? பிணத்தை உள்ளே கொண்டுபோக வாசல் இருக்கிறது. காற்று வேண்டுமென்றால் செத்தவர்களுக்குக் காற்று எதற்கு?

ஓகெல்லி யோசித்தார். வாசல் தென்கிழக்கைப் பார்த்திருக்கிறது. கோடைக்காலச் சூரியன் வடகிழக்கில் எழுகிறவன். அவன் ஒளி இதற்குள் நுழையவே முடியாது. தென்கிழக்கில் சூரியன் எழுவது குளிர்காலத்தின் அடிப்பாகத்தில், பகல் மிகக் குறுகிய அந்தச் சில நாட்களில்தான். ஊரார் பேச்சில் உண்மை இருந்தால் அது டிசம்பரில்தான் இருக்க வேண்டும்.

1967 டிசம்பர் 21. கார்க்கிலிருந்து காரோட்டி வந்து, விடியுமுன் தன்னந்தனியாக அந்த அறைக்குள் போய் இருட்டில் நின்றார். வெளியே மேகமில்லை. சூரியன் எதிர்க்குன்றின் விளிம்பில் தலைகாட்டினான். சற்று நேரத்தில் அந்த மேற்சன்னல் வழியாக ஓர் ஒளிக்கோடு, பென்சில் கனம்தான் இருக்கும், நடை முழுவதும் ஓடி அறையின் தரையைத் தொட்டது. அது மெல்ல அகன்றது. ஒரு சாண் அகலம்கூட இல்லை. ஆனால் தரையில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் மாடங்கள் தெரிந்தன. செதுக்கிய கோலங்கள் தெரிந்தன. 20 அடி உயரக் கூரை தெரிந்தது. பிறகு கோடு அறுந்து, பழையபடி இருட்டு. மொத்தம் 17 நிமிடம்.

தரை மேலேறிக்கொண்டு போகிறது என்று சொன்னேனல்லவா? அறையின் தரை அந்த மேற்சன்னலின் மட்டத்துக்கு உயர்ந்திருக்கிறது. வாசல் வழியாக வரும் வெயில் பாதி நடையிலேயே தரையில் முட்டி நின்றுவிடும். மேலே இருக்கும் சன்னல் வழியாக வருவது மட்டும்தான் அறைவரை போகும். மட்டக்கோலும் பித்தளைக் கருவிகளும் இல்லாதவர்கள், இரும்பையோ செம்பையோ கண்டிராதவர்கள், இதை எத்தனை மார்கழி விடியலில் நின்று குறித்துப் பார்த்துச் செய்திருப்பார்கள்! இந்த ஐயாயிரம் ஆண்டுகளில் பூமியின் சாய்வு சற்று மாறியிருக்கிறது. நடையின் கற்கள் சிலவும் சாய்ந்திருக்கின்றன. கட்டிய காலத்தில் ஒளி இன்னும் உள்ளே, கடைசி மாடம் வரைக்கும் போயிருக்கும் என்று கணக்கிட்டுச் சொல்லுகிறார்கள்.

வெளிச்சம் யாருக்கு?

இனித்தான் முக்கியமான கேள்வி. இந்த வெளிச்சம் யாருக்காக?

அந்த மேற்சன்னலை அடைக்க வெள்ளைப் படிகக்கல் கட்டைகள் வைத்திருந்தார்கள். ஊரில் வெங்கச்சாங்கல் என்போமே, அந்த வகை. அந்தக் கட்டைகள் இருந்த இடத்தில், கீழ்க்கல்லில் கீறல்கள் இருந்தன. கட்டையைத் திரும்பத் திரும்ப இழுத்தும் தள்ளியும் ஏற்பட்ட கீறல்கள். அதாவது, கீழ்வாசலைப் பெரிய கல்லால் மூடிவிட்ட பிறகும் யாரோ வந்து மேற்சன்னலை மட்டும் திறந்திருக்கிறார்கள், மறுபடி மூடியிருக்கிறார்கள். உயிரோடிருப்பவர்களுக்கு வாசல் அடைப்பு, சூரியனுக்குத் திறப்பு. உள்ளே இருந்தவர்கள் இறந்தவர்கள் மட்டுமே. அப்படியானால் அந்த 17 நிமிடமும் அவர்களுக்காகத்தான் என்று கொள்வது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

தீபாவளிக்கு முதல் நாள் மூத்தோருக்கு இலை போட்டுப் படைக்கிற குடும்பங்களும், கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுகிற குடும்பங்களும் இந்த இதழைப் படிக்கிறீர்கள். ஆண்டுக்கொரு நாள் போனவர்களை மறக்காமல் அழைப்பது உங்களுக்கு விளக்க வேண்டிய சங்கதியா? தமிழ்நாட்டில் சில சிவன் கோயில்களில் ஆண்டில் சில நாள் மட்டும் சூரிய ஒளி மூலவர்மேல் விழும்படி கட்டி, அன்றைக்குச் சூரிய பூசை என்று நடத்துகிறார்கள். அது வேறு காலம், வேறு மக்கள். ஆனால் ஒளியைக் காக்க வைத்து வாங்குகிற அந்த எண்ணம் எவ்வளவு நெருங்கி வருகிறது பாருங்கள்.

வேறு கருத்துகளும் உண்டு. அறைக்குள் இருபது பேர் நின்றாலே நெருக்கம். ஆகவே பூசாரி போன்ற சிலர் உள்ளே இருக்க, ஊர் முழுதும் வெளியே காத்து நின்றிருக்கலாம் என்பார்கள் சிலர். கிடைத்த எலும்புகள் இவ்வளவு குறைவாயிருப்பதைப் பார்த்தால், இது நிரந்தரமாகப் புதைக்கிற இடம்தானா, சாம்பலையும் எலும்பையும் தாம்பாளத்தில் சிறிது காலம் வைத்து எடுக்கிற இடமா என்ற ஐயமும் நியாயமானதே. கட்டி ஏழெட்டு நூறு ஆண்டு கழித்தும் மக்கள் வாசல் முன்னே கூடி, பன்றியும் மாடும் அடித்து விருந்து உண்ட எலும்புகள் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. அதற்கும் ஈராயிரம் ஆண்டுக்கு மேல் கழித்து யாரோ வந்து ரோமாபுரிப் பொற்காசுகளையும் நகைகளையும் வாசல் முன் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கட்டியவர்களின் மொழியே மறைந்து போன பிறகும் அந்த இடத்தின்மேல் இருந்த பயபக்தி போகவில்லை.

(இன்று படத்தில் நீங்கள் காணக்கூடிய பளபளப்பான வெள்ளைக் கல் சுவர், சரிந்து கிடந்த படிகக்கற்களைக் கொண்டு ஓகெல்லி காலத்தில் காங்கிரீட்டுச் சுவரின்மேல் திரும்ப நிறுத்தியது. அது அப்படித்தான் இருந்ததா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.)

முடியாத பகல்

நியூகிரேஞ்சுக்குள் போயிருக்கும் கல்லும் மண்ணும் ஏறத்தாழ 2 இலட்சம் டன். கரைக் கற்கள் 20 கிலோமீட்டருக்கு அப்பால் கடலோரத்திலிருந்து வந்தவை. வெள்ளைப் படிகக்கல் தெற்கே விக்லோ மலையிலிருந்து வந்தது. சக்கரம் இல்லை, தாளும் கயிறும் மரக்கட்டையும், ஆற்றிலும் கடலிலும் ஓடமும்தான் துணை. உழைத்தவர்கள் மாடு வளர்த்துக் கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்த குடியானவர்கள். இவர்கள் மனமொப்பிச் செய்தார்களா? அல்லது யாரோ ஒரு துரை நின்று வேலை வாங்கினானா?

இதற்கு அந்த ஊரில் ஒரு பழங்கதை இருக்கிறது. நியூகிரேஞ்சுக்குப் பக்கத்திலேயே டௌத் என்று இன்னொரு கல்லறை மேடு. அதைப் பற்றிய கதையை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிரெசல் என்று ஓர் அரசன். அவன் காலத்தில் கோமாரி வந்து நாட்டு மாடெல்லாம் செத்து, ஏழு பசுவும் ஒரு காளையும்தான் மிஞ்சின. வானத்தை எட்டும்படி ஒரு மேடு கட்ட வேண்டுமென்று அவன் அயர்லாந்து ஆடவரையெல்லாம் அழைத்தான். "ஒரு நாள் வேலை செய்கிறோம், அதற்கு மேல் முடியாது" என்றார்கள் அவர்கள். அரசனின் தங்கை மந்திரம் தெரிந்தவள். அண்ணனுக்காகச் சூரியனை நடுவானில் கட்டி நிறுத்திவிட்டாள். பகல் முடியவில்லை, ஆகவே 'ஒரு நாள்' முடியவில்லை, ஆகவே வேலையும் முடியவில்லை!

கிராணி கடிகாரத்தைத் திருப்பி வைத்த கதைகள் நம்மிடம் உண்டு. சூரியனையே நிறுத்திய கதை இதுதான்.

பிறகு என்ன நடந்தது? அண்ணனும் தங்கையும் முறைதவறி நடந்தார்கள். மந்திரம் முறிந்தது. திடீரென்று இருட்டியது. "நாங்கள் ஒப்புக்கொண்டது இரவு வரும் வரைக்கும்தான்" என்று சொல்லி அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு இருட்டு என்றே பெயர் நின்றது.

இது வெறும் கதை என்றுதான் இருந்தார்கள். 2020ஆம் ஆண்டு டப்ளின் டிரினிட்டி கல்லூரி ஆய்வாளர்கள், நியூகிரேஞ்சில் கிடைத்த ஓர் ஆடவனின் மண்டையோட்டுத் துண்டிலிருந்து மரபணுவை எடுத்துப் படித்து வெளியிட்ட செய்தி எல்லோரையும் திடுக்கிட வைத்தது. குடும்பப் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று சற்று யோசித்தேன், மறைப்பதிலும் பொருளில்லை. அந்த ஆடவனைப் பெற்றவர்கள் உடன்பிறந்தவர்கள், அல்லது பெற்றவரும் பிள்ளையும். அத்தனை நெருங்கிய இரத்தம். எகிப்து அரசர்கள் தங்கள் வமிசத்துக்குள்ளேயே மணந்தார்கள் அல்லவா, அதுபோல இங்கும் தன்னைத் தெய்வமாக எண்ணிய ஓர் அரச குலம் இருந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். டௌத் கதையையும் எடுத்துக் காட்டினார்கள். ஐயாயிரம் ஆண்டுச் செய்தி ஒன்று வாய்வழியாக நடந்து வந்திருக்குமா என்று உலகமே வியந்தது.

எனக்கும் முதலில் மயிர் சிலிர்த்தது. ஆனால் 2025இல் வேறு ஆய்வாளர்கள் இதை மறுத்து எழுதினார்கள். ஒரே ஒரு மண்டையோட்டுத் துண்டு. அது வேறெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்ததாகவும் இருக்கலாம். அதை வைத்து ஓர் அரசனையும் அரண்மனையையும் கட்டுவது சரியல்ல. அந்தக் காலத்து வீடுகளிலோ உணவிலோ மேலோர் கீழோர் என்ற பெரிய வேறுபாட்டுக்கு அடையாளம் இல்லை. பல ஊர் மக்கள் கூடி, தலைமுறை தலைமுறையாக, தங்கள் மூத்தோருக்காகக் கட்டியது என்று கொள்வதே பொருத்தம் என்பது அவர்கள் வாதம். பெரிய கட்டடம் என்றாலே பெரிய அரசன் ஒருவன் இருந்தே தீர வேண்டும் என்று எண்ணுவது நம் பழக்கம். கல் சுமந்தவர்களுக்கே அது சொந்தமாக இருந்திருக்கும் என்பது பலருக்கு எளிதில் தோன்றுவதில்லை. என் மனம் இரண்டாவது பக்கமே சாய்கிறது. அதற்கு ஆதாரம் பாதி, ஆசை பாதி என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

1993 முதல் நியூகிரேஞ்சும் அதன் பக்கத்து மேடுகளும் உலகப் பாரம்பரியச் சின்னங்கள். டிசம்பரில் அந்தச் சில விடியல்களில் உள்ளே நிற்க ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் பெயர் கொடுக்கிறார்கள். சீட்டுக் குலுக்கிச் சிலரை எடுக்கிறார்கள். மேகம் மூடிவிட்டால் உலகத்தின் மறுமுனையிலிருந்து வந்தவரும் இருட்டில் நின்றுவிட்டு வெளியே வர வேண்டியதுதான். அப்படி ஏமாந்து திரும்பும் ஆண்டுகள் நிறைய.

2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் யாரையும் உள்ளே விட முடியாமல் போனதால், அந்த விடியலை நேரலையாக எல்லோருக்கும் காட்டினார்கள். பிறகு வந்த ஆண்டுகளிலும் காட்டினார்கள். அங்கே காலை 8.58 என்றால் நமக்கு மாலை 4.58. வேலை முடிந்து வந்து, குளித்து, கோப்பி குடிக்கிற நேரம். வருகிற மார்கழியில் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். கைப்பேசியில் எடுத்துக் காட்டுவார்கள். முதலில் வெறும் இருட்டுதான் தெரியும். அணைத்துவிடாதீர்கள்.